பூட்டிய வீட்டுப் பேச்சு

அந்த வருஷம் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று மின்சார ஆபீஸ்காரர்களுக்கே தெரியாது. போனதென்றால் தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் திராட்சைப் பந்தல்களை ஒட்டிக் கிடக்கும் அந்த ஒற்றை வரிசைத் தெருவில் எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் அறுந்து விழும். பம்புசெட் நிற்கும், மிக்சி நிற்கும், டிவிக்குள் அழுதுகொண்டிருக்கும் மருமகள்கள் அழுகையைப் பாதியில் நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் காக்கை கத்துவதே காதில் விழும்.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் அப்படிக் கரண்டு போனது. ராமுத்தாய் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறிக்கொண்டிருந்தவள், முட்டி வீங்கி அந்த மாதம்தான் வீட்டோடு தங்கினாள். அவளைத் தவிர அந்நேரத்துக்குத் தெருவில் ஆளே கிடையாது. விடியுமுன்பே வரும் ஜீப் தெருவையே வழித்துக்கொண்டு போடிமெட்டு ஏறிவிடும், பொழுது சாயத்தான் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும்.

பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அது அக்கம்மாளின் வீடு. அவளும் ஜீப்பில் போயிருந்தாள். உள்ளே அவளுடைய ஐந்து வயது மகள் சினேகா இருக்கிறாள், துணைக்கு டிவி ஓடிக்கொண்டிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கரண்டு போனதும் அந்த டிவியும் நின்றது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

முதலில் ஓர் ஆண் குரல் கட்டையாக என்னவோ அதட்டியது. அப்புறம் ஒரு பொம்பளை கலகலவென்று சிரித்தாள். பிறகு இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள். தமிழ் இல்லை. மலையாளமும் இல்லை, முப்பது வருஷம் கேரளத்துத் தோட்டத்தில் காய் எடுத்தவளுக்கு மலையாளம் தெரியாதா? ராமுத்தாய் முட்டிவலியை மறந்து எழுந்துபோய் சன்னல் வழியாகப் பார்த்தாள். இருட்டுக்குள் பிள்ளை மட்டும் சன்னலுக்கு முதுகு காட்டி, செத்துப்போன டிவியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை.

"ஆத்தா, சினேகா" என்று கூப்பிட்டாள்.

பேச்சு நின்றது. பிள்ளை திரும்பவில்லை.

சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். மலையில் நாள் பூராவும் சாரல். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளில் இருந்து தண்ணீர் சொட்டியது. ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுத்தெடுத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தன. அக்கம்மாள் கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டையை நகத்தால் சுண்டிவிட்டு, தூக்குச்சட்டியோடு வீட்டுப் பக்கம் திரும்பினாள். ராமுத்தாய் வழிமறித்தாள்.

"அக்கம்மா, ஒரு நிமிசம் இங்கன வா. நாஞ் சொல்றதக் கேட்டுப் பதறக் கூடாது."

"என்ன மதினி? புள்ளைக்கு என்னாச்சு?"

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஒன் வீட்டுக்குள்ள வேற யாரு இருக்கா?"

"பூட்டுன வீட்டுக்குள்ள யாரு மதினி இருப்பா?"

"அதத்தாண்டி நானும் கேக்குறேன்."

ராமுத்தாய் மத்தியானம் கேட்டதையெல்லாம் சொன்னாள். அக்கம்மாள் சிரித்தாள். "டிவியா இருக்கும் மதினி. சத்தத்தக் கூட்டி வச்சிட்டாளோ என்னமோ."

"கரண்டு இல்லடி! ஊருக்கே இல்ல. ஒங்க வீட்டு டிவி மட்டும் எதுல ஓடும்? ஆம்பளைக் கொரலு கேட்டுச்சு, பொம்பளைக் கொரலு கேட்டுச்சு. எட்டிப் பாத்தா ஒம்மக ஒத்தையில ஒக்காந்திருக்கா. பொய் சொன்னா என் கண்ணு அவிஞ்சு போகும்."

அக்கம்மாள் மேற்கொண்டு சிரிக்கவில்லை. அவளிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது.

அவள் பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டுப் போவதைப் பற்றித் தெருவில் யாரும் குறை சொன்னதில்லை. வீட்டுக்குப் பின்னால் திராட்சைத் தோட்டத்துக் கிணறு சுவரில்லாமல் தரையோடு வாய் திறந்து கிடக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் அதில் ஒரு பிள்ளை விழுந்து செத்தது. பால்வாடி பத்து மணிக்குத் திறக்கும், ஜீப்போ ஐந்து மணிக்கு வந்துவிடும். நடுவில் பிள்ளையை எந்தக் கொடியில் காயப்போடுவது? புருஷன் ராக்கையா மலை மேலேயே ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் தீப்போடுகிறவன். மாதத்துக்கு ஒரு தடவை இறங்கி வருவான், வந்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். அவன்தான் எஸ்டேட் மேனேஜர் கழித்துக்கட்டிய டிவியை ஜீப் மேல் கம்பளியில் சுற்றிக் கட்டி, கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்து சேர்த்தான். கேபிள் இணைப்பில் நாள் பூராவும் பொம்மைப் படம் ஓடும் சேனல் ஒன்று இருந்தது. முதல் நாள் அதைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டியபோது பிள்ளை அழவில்லை. மறுநாளும் அழவில்லை. அக்கம்மாள் அந்த டிவிக்குச் சூடம் காட்டாததுதான் குறை.

அந்தப் பொம்மைகள் என்ன பாஷை பேசுகின்றன என்று அவள் காது கொடுத்துக் கேட்டதில்லை. விடியுமுன் போய்ப் பொழுதடைந்து வருகிறவள் எங்கே கேட்பது? வந்ததும் ஒரு சோற்றைப் பொங்கி, கருவாட்டைச் சுட்டு, பிள்ளைக்கு ஊட்டும்போதே அவளுக்குக் கண் சொக்கும். பிள்ளை அவளோடு பேசுவதில்லை. அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறது, தானாகப் பேசும் என்று விட்டுவிட்டாள். ஆனால் தினமும் விடியற்காலையில் அவள் கதவை இழுத்துச் சாத்தும் நேரத்தில் மட்டும் உள்ளேயிருந்து பிள்ளை ஒன்று சொல்லும். கொஞ்சலாக, இழுத்து, வயது வந்த பொம்பளை ஒருத்தி சொல்வது போலச் சொல்லும்: "கஹி மத் ஜாயியே." அதற்கு என்ன அர்த்தம் என்று அக்கம்மாளுக்கு விளங்காது, அது பிள்ளையின் குரலாகவே தோன்றாது. வெளியே ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். பூட்டைத் தொங்கவிட்டு ஓடிவிடுவாள்.

"மதினி, எனக்கு ஒண்ணு தோணுது. கேட்டா ஏசக் கூடாது."

"சொல்லு."

"அந்த வடக்கத்திப் பொம்பளையா இருக்குமோ?"

ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் மத்தியானத்திலிருந்து அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஏதோ ஒரு லாரியிலிருந்து இறக்கிவிடப்பட்டு ஊருக்குள் திரிந்த பைத்தியக்காரி அவள். நல்ல சிவப்பு, கை நிறையக் கண்ணாடி வளையல். அவள் பேச்சு ஒருத்தருக்கும் புரியாது. வீட்டுக்கு வீடு போய்ச் சோற்றுக்கு நிற்காமல் பேசுவதற்கு நிற்பாள். கேட்கிறவர் முகத்தைப் பார்த்து எதையோ சொல்லிச் சொல்லி, புரியாமல் விழிப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டு போவாள். சினேகா வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் அக்கம்மாள் வாசலில் வந்து நின்று வயிற்றைத் தொடக் கை நீட்டினாள். அக்கம்மாள் பயந்துபோய் விளக்குமாற்றை எடுத்து விரட்டிவிட்டாள். அந்த ஐப்பசி மழையில் பம்புசெட் ரூம் ஓரத்தில் அவள் விறைத்துக் கிடந்தாள். பெயர் தெரியாமல், சாதி தெரியாமல், ஊர்க்காரர்கள்தான் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

"அன்னைக்கு வெரட்டுனேன்ல மதினி. அதான் எம்புள்ளையப் புடிச்சிருக்கா" என்று அக்கம்மாள் அழுதாள்.

"சும்மா இரு. விசயதசமிக்குப் பள்ளிக்கூடத்துல விடப் போறேல்ல, ஏடு தொடங்கட்டும். சரசுவதி முன்னால எந்தப் பேயிடி நிக்கும்?"

ஏடு தொடங்கத்தான் அக்கம்மாள் அந்த வருஷம் பூராவும் காத்திருந்தாள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஜீப்பில் போகும் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் சம்பளத் தாளில் பேர் எழுதும்போது, தன் கட்டைவிரலை மையில் தேய்ப்பது அவளுக்கு மலையை விடப் பெரிய பாரமாக இருந்தது. மகள் படிக்கவேண்டும். ஏலக்காட்டுக்கு மட்டும் போகக் கூடாது. மகளைப் பற்றி அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

விஜயதசமி அன்று பிள்ளைக்குப் புதுப் பாவாடை கட்டி, பொரிகடலையும் ஒரு சிலேட்டும் வாங்கிக்கொண்டு போனாள். ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் ஜேசுராஜ் நெற்றியில் ஒன்றும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் அன்றைக்கு மட்டும் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பிவைத்து, சரஸ்வதி படத்துக்குப் பூவும் போட்டுவிடுவார். பிள்ளை சேர்ந்தால் போதும் அவருக்கு.

"வாங்கம்மா. பேரென்ன கண்ணு?"

சினேகா அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சினேகாங்க சார். கொஞ்சம் கூச்சம்" என்றாள் அக்கம்மாள்.

அவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைத்தார். "சொல்லு, அ... அம்மா." விரல் வாழைத்தண்டாகத் துவண்டு கிடந்தது, வாய் திறக்கவில்லை. சிலேட்டைக் கையில் கொடுத்து, "நீயா என்னமாச்சும் போடு, பாப்போம்" என்றார். அதற்குப் பிள்ளை உடனே பலப்பத்தை வாங்கியது. சிலேட்டின் வலப்பக்க மேல்மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒரு வட்டமும் அதற்குள் இரண்டு கோடும் வெகு சுத்தமாகப் போட்டது. மற்ற இடத்தை அப்படியே வெறுமையாக விட்டது. பிறகு சிலேட்டைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, தள்ளி உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. எதுவோ வரப்போகிறது என்பது போலக் காத்திருந்தது.

மற்றப் பிள்ளைகள் பொரிகடலைக்கு அடித்துக்கொண்டிருக்க, ஜேசுராஜ் சார் அக்கம்மாளைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார்.

"வீட்டுல பேசுமா?"

"பேசும் சார்... எப்பவாவது."

"என்ன பேசும்? அம்மாங்குமா? சோறுங்குமா?"

அக்கம்மாள் தலை குனிந்தாள். யோசித்துப் பார்த்தால் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

"பேர் எழுதிக்கிறேன். சேக்காம விடமாட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கம்மா. எழுத்துங்கறது பேச்சுக்குப் போடுற சட்டை. வாயிலயே இல்லாத சத்தத்துக்கு நான் எப்படி எழுத்துச் சொல்லிக் குடுப்பேன்? 'அம்மா'ண்டு ஒரு பேச்சு உள்ளுக்குள்ள இருந்தாத்தான 'அ' போட்டா ஏறும்? தேனி ஆஸ்பத்திரியில காதக் காட்டுங்க."

காதில் குறை இல்லை என்று அக்கம்மாளுக்குத் தெரியும். அடுத்த தெருவில் கேபிள்காரன் சைக்கிள் மணி அடித்தாலே பிள்ளை திரும்பும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அந்த வட்டமும் இரண்டு கோடும்தான் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றன. நேரே பேயோட்டும் கோடாங்கி மலைச்சாமி வீட்டுக்குப் போனாள். அவர் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து மாதிரியும் இல்ல, கோலம் மாதிரியும் இல்லையே தாயி. வேத்தூர் முத்திரை. வெள்ளிக்கெழமை கூட்டிட்டு வா."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை அவள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது? ஆனால் ஏலச்செடிக்குள் குனிந்திருக்கும்போது மூடுபனிக்குள் யாரோ கண்ணாடி வளையலைக் குலுக்குவது போலக் கேட்டது. வீட்டுக்கு வந்தாலோ மகளைத் தொடப் பயந்தாள். பெற்ற பிள்ளையைத் தொடப் பயந்த அந்த நாலு நாளைத்தான் பின்னால் அவளால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது இறங்கும் நேரத்துக்கு மலைச்சாமி வீட்டு முற்றத்தில் தெருவே கூடிவிட்டது. பேய் என்றால் மட்டும் ஜனங்களுக்கு அசதி தெரியாது. வேலை முடிந்து வந்த ஈரச் சேலையோடு நின்றார்கள். பிள்ளையை மணையில் உட்கார்த்தி, தலையில் விபூதி போட்டு, மலைச்சாமி உடுக்கையை எடுத்தார். பேயைப் பேச வைத்து, ஊரும் பேரும் கேட்டு, போகிறேன் என்று சத்தியம் வாங்கி, உச்சி முடியில் ஒரு கற்றையைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவது அவர் முறை.

"யாரு நீ? ஊரு எது, பேரு எது? எதுக்குப் பச்சப் புள்ளையில எறங்கிருக்க? சொல்லு!"

உடுக்கைச் சத்தத்தில் பிள்ளை நடுங்கியது. அம்மாவை அது தேடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டது. மூடியதும் உள்ளேயிருந்து அந்த ஆண் குரல் கட்டையாகக் கிளம்பியது. பின்னாலேயே பொம்பளைச் சிரிப்பு. கூட்டம் இரண்டு அடி பின்வாங்கியது. அக்கம்மாள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

"ஆத்தா, நாந்தான் ஒன்ன வெரட்டுனேன்! என்னப் புடிச்சுக்க. எம்புள்ளைய விட்ரு!"

அந்தச் சமயத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாண்டியராஜன் உள்ளே வந்தான். அக்கம்மாளின் தம்பி, லாரி டிரைவர். தேங்காய் ஏற்றிக்கொண்டு வடக்கே இந்தூர், நாக்பூர் என்று போனால் ஊர் திரும்ப மாதம் ஆகும். ராமுத்தாய் மகன் போனில் சொன்னதைக் கேட்டு, லாரியை உத்தமபாளையத்தில் போட்டுவிட்டு வந்திருந்தான். வந்தவன் வாயைப் பிளந்து நின்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏலே, கிறுக்கா! எதுக்குச் சிரிக்கிற?" என்றாள் ராமுத்தாய்.

"சிரிக்காம? பேயாம் பேயி! அம்புட்டும் இந்தி, யக்கா. 'இதைப் பால்ல கலந்து குடுங்க, ஒங்க புள்ளை ஒசரமா வளரும்'ங்குது. எந்த ஊருப் பேயி சத்துமாவு விக்கும்?"

அவன் பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்து இந்தியில் பேரைக் கேட்டான். பிள்ளை கண்ணைத் திறந்தது. பளிச்சென்று பதில் சொன்னது. பாண்டியராஜன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"என்னடா சொல்லுது?"

"சினேகாண்டு சொல்லல. ஏதோ எலிக்குட்டி பேரச் சொல்லுது. பொம்மைப் படத்துல வர்றது."

சிலேட்டைக் காட்டினார்கள். "இது சேனல் முத்திரைல்ல? டிவியில மூலையில ஓடிக்கிட்டே இருக்குமே" என்றான். யாரோ ஒருத்தி சிரித்தாள், அவளைத் தொட்டு எல்லோருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பயந்த சிரிப்பு அல்லவா, சீக்கிரத்தில் நிற்கவில்லை.

மலைச்சாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அந்த வடக்கத்திக்காரியும் இந்தி தானப்பா பேசிருப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாண்டியராஜன் பதில் சொல்லுமுன் அவரே உடுக்கையைக் கீழே வைத்தார். "செத்த ஆளு எறங்கியிருந்தா எனக்கு ஒரு வழி இருக்கு. பேரச் சொல்லும், கேக்குறதக் குடுத்தா போயிரும். இதுக்கு ஊரும் இல்ல, பேரும் இல்ல, செத்த தேதியும் இல்ல. எதப் புடிச்சு நான் ஆணி அடிக்க? கூட்டிட்டுப் போங்க தாயி."

அக்கம்மாள் மண்ணிலிருந்து எழவில்லை.

"தம்பி, காலையில நான் ஜீப்புக்குப் போறப்ப மட்டும் ஒண்ணு சொல்லும்டா. தெனமும் சொல்லும். கஹி மத் ஜாயியேண்டு. அதுவும் இந்திதானா? அதுக்கு என்ன அர்த்தம்?"

பாண்டியராஜன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"அது வந்துக்கா... படத்துக்கு நடுவுல வெளம்பரம் போடுறதுக்கு முன்னால ஒரு பொம்பளை வந்து சொல்லுவா."

"அர்த்தத்தச் சொல்றா."

"எங்கயும் போயிறாதீகண்டு அர்த்தம்."

முற்றத்தில் சிரிப்பு நின்றது. பிள்ளை அர்த்தம் தெரிந்து சொன்னதோ, கண்ணெதிரே இருப்பது மறையும் நேரத்தில் சொல்லவேண்டியது இது என்று பழகிச் சொன்னதோ, யார் கண்டது? அக்கம்மாள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தரையும் பார்க்காமல் நடந்தாள். அன்று அவள் அழுத அழுகை பேய்க்குப் பயந்து அழுதது மாதிரி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேபிள் வயரைக் கடித்தே அறுத்திருப்பாள். பாண்டியராஜன்தான் பிடுங்கிச் சுருட்டினான். மறுநாள் ஜீப் வந்து ஹாரன் அடித்தபோது அவள் கதவைத் திறந்து, "நான் வரல. எம்புள்ளையோட இருக்கப் போறேன்" என்றாள். பாண்டியராஜன் இரண்டு நாள் இருந்துவிட்டு லோடு ஏற்றப் போனான். போகும்போது, "பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கா. தானா தமிழ் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேச்சுக் கொடுப்பது என்றால் என்ன? அக்கம்மாள் அப்போதுதான் அதைக் கண்டுபிடித்தாள்: பிள்ளையிடம் பேசுவதற்கு அவளிடம் பேச்சே இல்லை. தின்னு, படு, எந்திரி, கையை எடு, அவ்வளவுதான் இருந்தது. எட்டு வயதில் காய் எடுக்கப் போனவள். கங்காணி நிற்கும் வரிசையில் பேசினால் ஏச்சுக் கிடைக்கும். இருந்தாலும் முயன்றாள். காக்கையைக் காட்டிக் காக்கை என்றாள். மழையைக் காட்டி மழை என்றாள். "இந்தா பாரு ஆத்தா, இது அடுப்பு. இது அம்மா. அம்மா சொல்லு" என்று நெஞ்சில் தட்டித் தட்டிக் காட்டினாள். ஜீப்பில் தூங்கி விழுந்தது, அட்டை கடித்தது, அப்பன் தீப்போடும் கொட்டகையில் ஏலக்காய் வாசனையில் தலை கிறுகிறுப்பது என்று தெரிந்ததையெல்லாம் சொன்னாள். பேச்சுத் தீர்ந்ததும் முதலில் இருந்து சொன்னாள்.

பிள்ளை சுவருக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தது. அம்மா பேசும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை. பேச்சு என்பது எதிரே ஒளிர்கிற ஒன்றிலிருந்து வரவேண்டும், பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும் ஆளிடமிருந்து வருவது மிக்சிச் சத்தம் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான் என்று அதற்குப் பட்டதோ என்னவோ. இருண்டு கிடந்த டிவிக் கண்ணாடியைக் கையால் தடவும். சுவரில் வலப்பக்க மூலையில் கரித்துண்டால் அந்த வட்டத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். கொஞ்ச நாளில் அந்த ஆண் குரலும் போனது, சிரிப்பும் போனது. கதவைச் சாத்தினால்கூட அது ஒன்றும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. எலும்பு தெரிந்தது.

"நல்ல டாக்டரா பாருடி" என்றாள் ராமுத்தாய். "பேசாத புள்ளையக் கூட வச்சுக்கலாம், திங்காத புள்ளைய எப்புடி வச்சுக்கிர்றது?"

"அது பேசுச்சு மதினி. மூணு வருசமா பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாந்தான் வீட்டுல இல்ல." பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இப்ப அந்தப் பேயி திரும்பி வந்தாக்கூடத் தேவலைண்டு இருக்கு."

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பிள்ளையை ராமுத்தாயிடம் விட்டுவிட்டு அக்கம்மாள் மெயின் ரோட்டு டீக்கடைக்கு ஓடினாள். அங்கேயிருந்த காசு போடும் போனில், கடைக்காரரிடம் நம்பரைக் கொடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எங்கேயோ சாலையில் இருந்தான். லாரி இரைச்சல் கேட்டது.

"தம்பி, சாப்பிட்டியாண்டு இந்தியில எப்புடிக் கேக்குறது?"

"எதுக்குக்கா?"

"சொல்லேன்டா."

"கானா காயா. ஏங்க்கா, நீ அதுக்குத் தமிழ் சொல்லிக் குடுப்பியா, நீ இந்தி படிப்பியா?"

"அது தமிழ் படிக்கிறப்பப் படிக்கட்டும். மொதல்ல அது எம் மூஞ்சியப் பாக்கணும்டா. ஒரு தடவை பாத்தாப் போதும்."

லைன் அறுந்துவிட்டது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். வழி பூராவும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். திராட்சைப் பந்தலுக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள், "அக்கம்மாளுக்கும் ஏறிருச்சு போல" என்று பேசிக்கொண்டார்கள். அவள் காதில் அது விழவில்லை. வாயைத் திறந்தால் அந்தச் சொல் விழுந்து தொலைந்துவிடுமோ என்று பயந்து, வழியில் யாருக்கும் பதில் சொல்லாமல் வந்தாள்.

ராமுத்தாயிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சூடாகச் சோறு போட்டு, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தாள். பிள்ளை வழக்கம் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தட்டை முன்னால் நகர்த்தி வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ பெரிய அதிகாரியிடம் பேசுகிறவளாகக் கூசிக்கூசிக் கேட்டாள்.

"கானா காயா?"

பிள்ளையின் முதுகு அசைந்தது. மெதுவாகத் திரும்பியது. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு முழங்காலில் நகர்ந்து கிட்டே வந்து, அம்மாவின் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தது. சத்தம் உண்மையிலேயே அங்கேயிருந்துதான் வந்ததா என்று பார்த்தது.

அப்புறம் பேச ஆரம்பித்தது. அந்தக் கட்டைக் குரல் இல்லை, சத்துமாவு விற்கிறவளின் சிரிப்பு இல்லை. சன்னமான, கொஞ்சம் கம்மிய ஒரு குரல். தன் மகளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே அக்கம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளை நிறுத்தவில்லை. கதவைக் காட்டிச் சொன்னது. சன்னலைக் காட்டிச் சொன்னது. மேலே கூரையைக் காட்டி, கையை விரித்து, எதற்கோ பயந்த மாதிரி கண்ணை அகட்டி, மறுபடி தணிந்த குரலில் சொன்னது. ஒரு இடத்தில் விம்மியது. ஒரு இடத்தில் தானாகச் சிரித்தது. மூன்று வருஷத்துப் பகல் அத்தனையையும் அம்மாவின் மடியில் கொட்டுவது போலக் கொட்டியது. அக்கம்மாள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, "ஆமாத்தா, ஆமாத்தா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

கடைசியில் பிள்ளை அவள் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஒன்று கேட்டது. கேள்விதான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது. பிள்ளை நாடியை விடாமல் மறுபடியும் அதையே கேட்டது. ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. அக்கம்மாளிடம் வேறு வார்த்தை இல்லை.

"கானா காயா?" என்றாள்.

பிள்ளை கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நாடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.